தீபாவளிக்கு மறுநாள் வராத பிள்ளை

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் ராத்திரி வேலையெல்லாம் ஓய்ந்தபிறகு படியுங்கள். கடைசியில் பரீட்சை கிடையாது, பயப்பட வேண்டாம்.

போன வாரம் ஒரே நாளில் இரண்டு பேர் எனக்குப் போன் செய்தார்கள். இரண்டு பேரும் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவன் தீபாவளிக்குத் தீபாவளி பட்டாசுக் கடை போடுகிறவன். "டீச்சர், வெடி வெடிக்கிறது நம்ம பண்பாடு. காலங்காலமா வெடிச்சிட்டு வாரோம். இப்ப வந்து நேரம் குறிக்கிறாங்க, புகைங்கிறாங்க. நீங்க வரலாறு தெரிஞ்சவங்க, நாலு வரி எழுதுங்க" என்றான்.

அன்று சாயங்காலமே மற்றவள் பேசினாள். "எனக்கு இருந்த மாதிரியே எம் மகளுக்கும் இழுப்பு இருக்கு டீச்சர். தீபாவளி வருதுன்னாலே எனக்குப் பக்குன்னு இருக்கு. பக்கத்து வீட்டுல போய்ச் சொன்னா சண்டைதான் வரும். நீங்க எழுதினா தெருவுல நாலு பேராவது படிப்பாங்க" என்றாள்.

இருவர் பெயரையும் எழுதவில்லை. அவர்களோடு படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும். அது போதும். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. வரலாறு கேட்டவனுக்கு வரலாறு. அவளுக்கு நான் சொல்ல வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1992ஆம் ஆண்டு. தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் திறந்தோம். வகுப்பில் பாதிப் பேர் கையில் மருந்துக் கரி, சட்டைப் பையில் வெடிக்காத சீனிவெடி. அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் பிரார்த்தனை முடிந்தபிறகு மெதுவாக நடந்து வந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. "பண்டிகைன்னா உனக்கு மட்டும் மூணு நாள் லீவா?" என்று கேட்டு, முதல் பாடவேளை முழுக்க வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். பதில் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அடம் என்று நினைத்தேன்.

மத்தியானம் அவள் அம்மா சோற்றுத் தூக்கோடு வந்தார்கள். மகள் வெளியே நின்றது அவர்களுக்குத் தெரியாது. "ரெண்டு ராத்திரியும் உக்காந்தே இருந்தா டீச்சர். படுக்கவே முடியல. வெடிப்புகை வந்தாலே இவளுக்கு இப்படித்தான்" என்றார்கள். சுவரில் கை ஊன்றி நின்றது அடம் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. மூச்சு முட்டுகிறவர்கள் தோளைத் தூக்கிக் கையை எங்காவது ஊன்றிக்கொள்வார்கள். அப்படி ஊன்றினால்தான் நெஞ்சு கொஞ்சம் விரியும்.

அன்று சாயங்காலம் தலைமையாசிரியர் அறை அலமாரியிலிருந்து பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பிலும் நாலாம் வகுப்பிலும் அவள் பெயருக்கு நேரே பார்த்துக்கொண்டே போனேன். தீபாவளிக்கு மறுநாள் வரவில்லை. திருக்கார்த்திகைக்கு மறுநாள் வரவில்லை. ஆங்கிலப் புத்தாண்டு முடிந்து வரவில்லை. ஆடியில் கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கும் நாட்களிலும் விட்டு விட்டு வரவில்லை. எல்லாமே எங்கள் கையால் போட்ட குறிகள்தான். போட்டவர்கள் யாரும் சேர்த்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எந்தப் பண்டிகையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் எனக்குள் ஒரு கேள்வி வரும். மறுநாள் யார் வரவில்லை?

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

விளக்கு நம்முடையது. அதில் சந்தேகமில்லை. கார்த்திகை விளக்கைப் பற்றி அகநானூற்றிலேயே குறிப்பு இருக்கிறது. நெருப்பும் நம்முடையதுதான். சொக்கப்பனை கொளுத்துவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். நான் சிறுமியாக இருந்தபோது பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்து, துணியில் சுருட்டிப் பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிற்றில் பிடித்துச் சுற்றுவோம். பொறி வட்டமாகப் பறக்கும். காசு செலவில்லாத கம்பி மத்தாப்பு அது. அதிலும் புகை உண்டு. பழையது என்றாலே புகையில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் வெடிமருந்து வேறு. அது சீனத்தில் பிறந்தது. எங்கள் தாத்தா 'சீனவெடி' என்றுதான் சொல்வார். நாம் சொல்லும் சீனிவெடி அதன் பேரப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கே மகாநவமி விழாவில் வாணவேடிக்கை பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார். புனேயிலிருந்த ஆராய்ச்சியாளர் பி.கே. கோடே 1400க்கும் 1900க்கும் இடைப்பட்ட இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றைத் தேடித் தொகுத்து 1953இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். அதையெல்லாம் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வாணவேடிக்கை முதலில் அரண்மனை வாசலிலும் பெரிய கோயில் திருவிழாவிலும் நடந்த காட்சி. ஊர் கூடி நின்று பார்க்கும். வீட்டுக்கு வீடு வெடித்த வெடி அல்ல.

வீட்டுக்கு வீடு வந்தது சிவகாசியால். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில் ஒரு தொழில் முளைத்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் தொடங்கின. உலகப் போர் நடந்த காலம். வெளிநாட்டுச் சரக்கு வருவது குறைந்து, அந்த இடத்தைச் சிவகாசி பிடித்தது. இன்று நாட்டில் வெடிக்கும் பட்டாசில் மிகப் பெரும்பங்கு அங்கே செய்வதுதான்.

ஆக, விளக்குக்கு இரண்டாயிரம் வருஷம் என்று சொன்னால், ஏழை வீட்டு வாசலிலும் சரவெடி என்ற வழக்கத்துக்கு ஒரு மனுஷர் ஆயுள்தான் வயசு. என் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, இட்லி, கறிக்குழம்பு. வெடி என்பது ஒரு கட்டு வாங்கி அண்ணன் தம்பிகள் எண்ணிப் பிரித்துக்கொள்வது. அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதை எழுதுவது கடை போடுகிறவனின் மனசைப் புண்படுத்த அல்ல. ஒரு வழக்கம் எப்போது வந்தது என்று தெரிந்தால், அதை மாற்றினால் வானம் இடிந்து விழாது என்பதும் தெரியும். அதற்காகத்தான்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தைச் 'சலாபம்' என்பார்கள். சலாபம் என்பது தொழில் மட்டுமல்ல, ஒரு திருவிழா. ஆளில்லாத கரையில் திடீரென்று ஓர் ஊரே முளைக்கும். குளிகாரர்கள், வியாபாரிகள், அதிகாரிகள், கடைக்காரர்கள், பக்கீர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று கூட்டம். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890இல் வெளியிட்ட நூல் இந்த முத்து, சங்குக் குளிப்புகளைப் பற்றியது.

சிப்பியை ஒவ்வொன்றாக உடைத்து முத்து எடுக்க முடியாது. குவித்துப் போட்டு அழுக விடுவார்கள். சதை அழுகி, ஈ மொய்த்து, புழு தின்று தீர்த்தபிறகு கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். அந்த நாற்றம் காற்றில் வெகுதூரம் போகும். சலாபக் கூட்டத்தில் காலரா வந்து, குளிப்பைப் பாதியில் நிறுத்திய ஆண்டுகளும் மன்னார் வளைகுடாவில் உண்டு. அந்தக் காலத்தில் பலர் கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று நம்பினார்கள். காரணம் காற்று இல்லை, தண்ணீர். 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், யார் யார் வீட்டில் சாவு விழுந்தது, அவர்கள் எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று கணக்கெடுத்து அதைக் காட்டினார். அழுகிய சிப்பியின் நாற்றத்தைக் குற்றம் சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. கணக்கெடுக்காமல் சொன்னார்கள்.

நம் கரையில் அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. எனக்கு அப்போது மூன்று வயது. ஆனால் சங்கு குளித்த ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருந்தார். ஒரு மூச்சுக்கு ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் கடலடியில் இருப்பார்களாம். மேலே வள்ளத்தில் கயிறு பிடிப்பவர் சொந்த மைத்துனராக இருக்க வேண்டும் என்பார். கீழே இருக்கிறவனுக்கு மூச்சு தீரும் நேரம் மேலே இருக்கிறவனுக்குத் தெரிய வேண்டும், அதற்குத் தங்கச்சி புருஷனைவிட நம்பிக்கையான ஆள் யார் என்று சிரிப்பார். மூச்சின் அருமை தெரிந்த ஊர் நம்முடையது.

சரி, புகை மூச்சை என்ன செய்கிறது? அறிவியல் பாடம், சுருக்கமாகவே சொல்கிறேன்.

இழுப்பு உள்ளவர்களின் மூச்சுக்குழாய் எளிதில் சினந்துவிடும். அதன் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, உள்ளே சளி கட்டும். காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். அப்போதுதான் அந்த 'வீசிங்' சத்தம் வருகிறது. பட்டாசு மருந்தில் கந்தகம், வெடியுப்பு, கரி, அலுமினியத் தூள் எல்லாம் உண்டு. கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்சைடு. நமக்கு அது தும்மல், தொண்டைக் கரகரப்பு. ஆஸ்துமா உள்ளவருக்குச் சில நிமிஷங்களிலேயே குழாயை இறுக்கும். கூடவே தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள் வருகிறது. மூக்கு முடியில் நிற்காமல் நேரே நுரையீரலின் அடிவரை போகும். பிஎம் 2.5 என்று செய்தியில் சொல்வது அதைத்தான். ஒரு கன மீட்டர் காற்றில் நாள் முழுக்கச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு அளவு. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15.

நேரமும் சேர்ந்துகொள்கிறது. தீபாவளி ஐப்பசியில். அடைமழைக் காலம், சளிக்காய்ச்சல் ஏற்கெனவே வீடு வீடாகச் சுற்றும். சளி பிடித்த பிள்ளையின் மூச்சுக்குழாய் பாதி சினந்து நிற்கும். அதன்மேல் புகை. அதுவும் நாம் வெடிப்பது விடியற்காலை நாலு மணிக்கு. அந்நேரம் காற்று அசையாது. தரையோரக் குளிர்ந்த காற்றின்மேல் மூடி போட்டது மாதிரி புகை தெருவுக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால்தான் மேலே எழும்பிக் கலையும். சந்துத் தெருவில் இன்னும் மோசம்.

ஒரு தகவல் உங்களை ஆச்சரியப்படுத்தும். புனேயிலுள்ள மார்பு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளை 2016இல் ஒவ்வொரு வகைப் பட்டாசும் பக்கத்தில் நிற்பவருக்கு எவ்வளவு நுண்துகள் தருகிறது என்று அளந்து பார்த்தது. முதலிடம் சத்தம் போடும் வெடிக்கு இல்லை. பாம்பு மாத்திரைக்கு. அதன் உச்ச அளவு சுமார் 64,500 மைக்ரோகிராம். ஆயிரம் வாலாச் சரத்துக்குச் சுமார் 38,500. கம்பி மத்தாப்புக்கே பத்தாயிரத்துக்கு மேல். "சின்னப் பிள்ளை, சத்தத்துக்குப் பயப்படுது, பாம்பு மாத்திரை கொடு" என்று நாமேதான் குனிந்து உட்காரவைத்துக் கொளுத்தக் கொடுக்கிறோம். நானும் என் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

புகையையே மருந்தாகக் கொடுத்த காலமும் உண்டு, அதுவும் நம் பக்கத்தில். 1802இல் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனிடமிருந்து, ஊமத்தையைப் புகைத்தால் இழுப்பு தணியும் என்ற செய்தி இங்கிலாந்துக்குப் போனது. அடுத்த நூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவில் ஊமத்தைச் சுருட்டு விற்றார்கள். யாரும் இதைப் படித்துவிட்டு ஊமத்தையைத் தேடிப் போக வேண்டாம், அது விஷம். 1956இல் இப்போதுள்ள வாய்ப் பம்ப் வந்தது. 1969இல் சால்பியூட்டமால் வந்தது. மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும், அளவும் மிகக் குறைவு. ஆனால் 1992இல் நம் தெருக்களில் "பம்ப் பிடிச்சா பழக்கமாயிடும், பொம்பளப் பிள்ளை, கல்யாணம் ஆகாது" என்று பயந்தார்கள். இன்றைக்கும் அதைச் சொல்லும் அத்தைமார்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். பம்ப் பழக்கமாவதில்லை. நோய் இருக்கிறவரை மருந்து வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணாடி போடுவது மாதிரி.

இனி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாத ஒரு விஷயம். புகை எல்லாம் பண்டிகையின் குற்றமா?

ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா என்று நம் ஊர் மாதிரி ஒரு துறைமுக நகரம். 1981 முதல் 1987 வரை அங்கே சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஆஸ்பத்திரிக்கு மூச்சுத் திணறலோடு ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். அப்படி 26 நாட்கள். மருத்துவர்கள் அந்த நாட்களை எடுத்து, துறைமுகத்தின் கப்பல் கணக்கோடு ஒத்துப் பார்த்தார்கள். சோயா மொச்சை இறக்கிய நாட்களோடு பொருந்தியது. தானியக் கிடங்கிலிருந்து கிளம்பிய தூசிதான் காரணம். ஆய்வு 1989இல் வெளியானது. கிடங்கில் தூசி வடிகட்டி பொருத்தினார்கள். கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவது நின்றது. யாரும் கப்பலை நிறுத்தவில்லை, சோயாவையும் தடை செய்யவில்லை. கணக்கெடுத்தார்கள், வடிகட்டி போட்டார்கள்.

நம் ஊரிலும் பெரிய துறைமுகம் இருக்கிறது. நிலக்கரி இறங்குகிறது. 1979 முதல் அனல்மின் நிலையம் ஓடுகிறது, ஐந்து அலகுகள். லாரி போகும் சாலையோரம் வேப்பமரத்தின் இலை என்ன நிறம் என்று பார்த்தாலே தெரியும். 2019 ஜனவரியில் மத்திய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியபோது, காற்று அளவுக்கு மீறிக் கெட்டிருக்கும் 102 நகரங்களைப் பட்டியலிட்டது. அந்த முதல் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இருந்த ஒரே பெயர் தூத்துக்குடி. அது தீபாவளி ஒரு நாளால் வந்த பெயர் அல்ல. பல வருஷத் தூசியால் வந்தது. இந்த ஊர் காற்றுக்காக என்ன விலை கொடுத்தது என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2018 மே 22 நம் எல்லோர் நெஞ்சிலும் இருக்கிறது.

அதனால் "பண்டிகையை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்பவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. என் பதில் இதுதான். கச்சான் காற்றை என்னால் நிறுத்த முடியாது. துறைமுகத் தூசியை நானும் நீங்களும் இன்று ராத்திரி அடக்க முடியாது, கேட்டுக்கொண்டே இருக்கத்தான் முடியும். ஆனால் நம் வாசலில் நம் கையால் கொளுத்துகிற திரி நம்முடையது. முந்நூற்றுச் சொச்சம் நாள் தூசியைத் தாங்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு, அந்த ஒரு விடியற்காலைதான் தாங்க முடியாத கடைசிச் சுமையாகிறது. பதிவேடு எனக்குக் காட்டியது அதைத்தான்.

இது ஒரு மதத்துக்கு மட்டும் சொல்வதும் இல்லை. நம் ஊரில் கோயில் கொடைக்கும் வெடி, கிறிஸ்துமஸ் நள்ளிரவுக்கும் வெடி, புத்தாண்டுக்கும் வெடி, கல்யாண ஊர்வலத்துக்கும் வெடி, தலைவர் வந்தாலும் வெடி, பெரியவர் போனாலும் வெடி. புகைக்குச் சாதியும் இல்லை, வேதமும் இல்லை. சென்னைப் பக்கத்துப் போகியைப் பாருங்கள். நம் பக்கத்தில் போகி என்றால் வெள்ளையடிப்பது, காப்புக் கட்டுவது. அங்கே பழையதைக் கொளுத்துவார்கள். பழைய பாய், பழைய துடைப்பம் எரிந்த காலம் போய், டயரும் பிளாஸ்டிக்கும் எரிய ஆரம்பித்தன. 2018 போகியன்று, ஜனவரி 13, புகைமூட்டத்தில் சென்னை விமான நிலையமே திணறியது. விமானங்கள் தாமதமாகி, சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. பழக்கத்தின் பெயர் அதேதான், எரிகிற பொருள் மாறிவிட்டது.

நீதிமன்றம் எப்போது வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 2005இல் உச்ச நீதிமன்றம், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை சத்தம் எழுப்பும் வெடி கூடாது என்றது. 2015இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் ஒரு வழக்கு வந்தது. எங்களுக்கு நல்ல காற்று வேண்டும் என்று பேச்சே வராத பிள்ளைகள் கேட்ட வழக்கு. அதில்தான் 2018 அக்டோபர் 23 தீர்ப்பு. பசுமைப் பட்டாசு மட்டும், சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது, இரவு 8 முதல் 10 வரை இரண்டு மணி நேரம். நம் ஊர் வழக்கம் அதிகாலை என்று தமிழ்நாடு அரசு போய்ச் சொன்னது. நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். அப்படி வந்ததுதான் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. பசுமைப் பட்டாசு என்றால் புகையில்லாதது என்று நினைக்காதீர்கள். நீரி நிறுவனம் உருவாக்கிய அந்தப் பட்டாசில் நுண்துகள் சுமார் 30 சதவீதம் குறையும் என்பதுதான் கணக்கு. மீதி எழுபது அப்படியே இருக்கிறது.

பட்டாசுத் தொழிலாளர்களை நான் மறக்கவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் கல்யாணமாகிப் போய், தீப்பெட்டி ஒட்டியும் திரி சுற்றியும் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். அவர்கள் அடுப்பு அதில்தான் எரிகிறது. "வெடியே வேண்டாம்" என்று ஈசி சேரில் உட்கார்ந்து எழுதுவது எனக்குச் சுலபம், அவர்களுக்குச் சாப்பாடு போகும். அதனால் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே, எப்போது, எவ்வளவு என்பதைத்தான் கேட்கிறேன்.

திருநெல்வேலி மாவட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. பறவைகள் குஞ்சு பொரிக்க வரும் ஊர். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியும் அப்படித்தான். பறவைகள் பயந்து கூட்டை விட்டுப் போய்விடும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. எந்த நீதிமன்றமும் சொல்லி அவர்கள் தொடங்கவில்லை. அவர்களுக்கும் தீபாவளி வருகிறது, இட்லியும் கறியும் புதுத்துணியும் இருக்கின்றன. வந்த விருந்தாளிப் பறவைக்காக ஓர் ஊரே விட்டுக்கொடுக்கும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக நாம் ஒரு தெருவைத் தள்ளிப் போக மாட்டோமா?

ஆகவே, இன்னும் பத்து நாளில் வரும் தீபாவளிக்கு உங்களிடம் நான் கேட்பது:

குறித்த நேரத்தில் வெடியுங்கள். சந்துக்குள் வேண்டாம். நாலு வீடு சேர்ந்து ஒரு வெட்டவெளியில், காற்றோட்டமுள்ள இடத்தில் வெடியுங்கள். பழைய நாளில் ஊர் கூடிப் பார்த்த மாதிரி. பாம்பு மாத்திரை வாங்கவே வேண்டாம். மறுநாள் வெடிக் குப்பையைக் கூட்டிக் குவித்துக் கொளுத்தாதீர்கள். அந்தப் புகையும் கெட்டது, அதை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

வீட்டில் இழுப்பு உள்ளவர்கள் இருந்தால், தினசரிப் பம்பைப் பண்டிகை அலைச்சலில் விட்டுவிடாதீர்கள். அவசரப் பம்ப் எந்த டப்பாவில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். அன்று காலையில் வெயில் ஏறும்வரை சன்னலைச் சாத்தி வையுங்கள். பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பம்பு போட்டும் கேட்காவிட்டாலோ கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

கடை போடுகிறவனுக்கு: உன் வியாபாரம் நன்றாக நடக்கட்டும். வாங்க வருகிறவர்களிடம் நேரத்தையும் பாம்பு மாத்திரை விஷயத்தையும் நீ ஒரு வார்த்தை சொன்னால், நான் எழுதுகிற நாலு பக்கத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். உன் கூடப் படித்தவளின் வீடு உன் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

அவளுக்கு: அன்று உன்னை வெளியே நிறுத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து உன்னைச் சன்னலோர பெஞ்சில் உட்காரவைத்தேன், அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். தீரவில்லை. இத்தனை வருஷம் கழித்து எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். தப்பு என்னுடையது.

தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு, உன் மகள் போனாளா என்று எனக்கு ஒரு போன் போடு. காத்திருப்பேன்.

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள். எழுத்துப் பிழை இருந்தால் இந்த முறை நீங்கள் சிவப்பு மையில் திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்